பொட்டுக்கு அடியில் இருந்த நம்பர்

பால் சொசைட்டி மேடையில் அந்த ட்ரோனை வைத்திருந்தார்கள். நாலு கைகளில் ஒன்று முறிந்து ஒயரில் தொங்கியது. இறக்கை ஒன்று பாதிதான் இருந்தது. முதுகில் மட்டும் ஒரு சேதமும் இல்லை. அங்கே மூன்று விரலால் இழுத்த சந்தனமும், நடுவில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் குங்குமமும், நேற்று வைத்தது வைத்தபடியே காய்ந்து கிடந்தன. கூட்டத்தின் கடைசி வரிசையில் நித்யஸ்ரீ நின்றாள். அந்த மூன்று விரலும் அவளுடையவை. நகக்கண்ணில் இன்னும் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்ததை இப்போதுதான் பார்த்தாள். கையை மெதுவாக முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள்.

“இத பாருங்க, நம்பர மறைச்சிருக்கறான்,” என்றார் வெள்ளியங்கிரி. வாய்க்கால் பாசன சங்கத்துக்குத் தலைவர். காலையில் இலை அறுக்க வாழைத்தோட்டத்துக்குப் போனவர், தென்னைக்கும் வாழைக்கும் நடுவே இது விழுந்து கிடந்ததைக் கண்டு துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். “காருக்கு பைக்குக்கு இருக்கறாப்பல இதுக்கும் வெளிய தெரியறாப்பல நம்பர் ஒட்டோணும்னு ரூல்சாமா. என்ற பையன் போன்ல சொன்னான். ஒட்டியிருக்கறான் பாருங்க, ஸ்டிக்கர் ஓரந் தெரியுது. ஒட்டிப்போட்டு மேல சந்தனத்த அப்பியிருக்கறான். எத்தன வெவரம்!”

விவரமாவது ஒன்றாவது! முந்தாநாள் வரைக்கும் அந்த முதுகில் சந்தனம் என்ற பேச்சே இல்லை. நேற்று ஆயுத பூசை. நித்யாவின் புகுந்த வீட்டில் பொட்டு வைப்பது மருமகள் வேலை. மாமியார் ராசாத்தாள் பதினாலு வருசமாகக் குங்குமச் சிமிழைத் தொடுவதில்லை. ஊரில் மற்றவர்களெல்லாம் கலர்ச் சேலைக்கு மாறிவிட்ட பிறகும் அவள் வெள்ளையை விடவில்லை. தூணுக்கு அந்தப்பக்கம் தள்ளி நின்றுகொண்டு, “எதையும் உட்டுறாத கண்ணு, உழைக்கற சாமானு அத்தனைக்கும் வெய்யி,” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நித்யா வைத்தாள். டிராக்டருக்கு, மருந்தடிக்கிற மிசினுக்கு, கிரைண்டருக்கு, மிக்ஸிக்கு, அரிவாள்மணைக்கு, கணவனின் லேப்டாப்புக்கு. எல்லாம் முடிந்த பிறகு விரலில் கொஞ்சம் சந்தனம் மிச்சமிருந்தது. பீரோவின் அடித்தட்டில், பழைய போர்வைக்குள் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதை மட்டும் விட்டால் மனசு கேட்குமா? கதவைச் சாத்திக்கொண்டு எடுத்து வைத்தாள். பொட்டு வைக்கிற மாதிரி வழவழப்பாக இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். ஸ்டிக்கர் ஒட்டிய இடம். நெற்றியைப் பார்த்தால் கை தானாகப் போகிற மாதிரி அங்கேதான் போனது. நம்பரை மறைக்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

கல்யாணத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது, தன் சம்பளத்தில் வாங்கியது அது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் தம்பி தீபக்கும் ஊருக்கு வெளியே காலி மைதானங்களுக்குப் போய்ப் பறக்கவிடுவார்கள். வேறு எதற்கும் இல்லை, மேலே இருந்து பார்க்கத்தான். பதிவு பண்ணி, அவள் பெயரில் நம்பர் வாங்கினாள். பேட்டரி மூடிக்கு உள்ளே அழகாக ஒட்டினாள். தீபக் சிரித்தான். “உள்ள ஒட்டினா யாருக்குக்கா தெரியும்? கீழ விழுந்தா எடுக்கறவனுக்குத் தெரியோணுமல்ல, வெளிய ஒட்டு,” என்றான். இரண்டாவது முறை பிரிண்ட் எடுத்தபோது எழுத்து பொடியாகப் போய்விட்டது. மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. அதனாலேயே அந்த நம்பர் அவளுக்குத் தலைகீழாகச் சொன்னாலும் வரும்.

கோபிக்குப் பக்கத்தில் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது பட்டுச்சேலைகளுக்கு அடியில் அதுவும் வந்தது. கணவன் அருண்குமார் பார்த்துவிட்டு, “அம்மாளுக்குத் தெரிய வேண்டாம். ஊட்டுக்கு வந்த பிள்ளை மொட்டை மாடியில நின்னுட்டு வெளையாடுதுன்னு சொல்லுவாங்க,” என்றான். கெட்டவன் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கட்கிழமை விடிகாலை போகிறவன். வாரத்தில் ஒன்றரை நாள் வீட்டில் இருப்பவனுக்கு அந்த ஒன்றரை நாளும் சத்தமில்லாமல் ஓடினால் போதும். மூன்று வருசத்தில் நித்யா அதை எடுத்தது ஏழெட்டு முறை இருக்கலாம். எல்லாமே மாமியார் வெளியே போயிருந்த நேரங்கள்.

இன்று விஜயதசமி. பூசையில் வைத்த சாமானை மறுநாள் எடுத்து ஒரு தடவையாவது புழங்கிவிட வேண்டும். கலப்பை இல்லாதவர்கள்கூடக் கடப்பாரையை எடுத்து நாலு குத்து குத்திவிட்டு வைப்பார்கள். காலை ஏழரைக்கு ராசாத்தாள் துணிமூட்டையோடு வாய்க்காலுக்குப் போனாள், அருண் தூங்கிக்கொண்டிருந்தான். நித்யா மாடிக்கு ஏறி, பொட்டோடு அதை மேலே அனுப்பினாள். நெல்வயல்கள் பச்சையாகச் சாய்ந்து கிடந்தன. வாழை, தென்னை, நடுவில் கோடு கிழித்த மாதிரி வாய்க்கால். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனாள். போனவள், படித்துறைக்கு மேலே வந்ததும் நிறுத்தியிருக்கக் கூடாது.

நிறுத்தினாள். திரையில் துவைத்துக் குளித்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பெண்கள் தெரிந்தார்கள். அதில் ஒரு வெள்ளைச் சேலை தண்ணீரில் விரிந்து மிதந்தது. ராசாத்தாள் மல்லாந்து படுத்திருந்தாள். கையை விரித்துப் போட்டு, கண்ணை மூடி, வாயில் தண்ணீரை வாங்கி மேலே பீய்ச்சி, சிரித்தாள். பல் தெரிய, தொண்டை தெரியச் சிரித்தாள். மூன்று வருசமாக ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டும், இவளுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்று நித்யாவுக்கு யாரும் சொன்னதில்லை. ரிமோட்டின் மேல் இருந்த கட்டைவிரல் அசையவில்லை. பதினைந்து செகண்டு இருக்கும். பிறகு கரையில் துணி பிழிந்துகொண்டிருந்த ஊர்ப் பெண் வர்ஷினி அண்ணாந்து பார்த்து வீறிட்டாள். பதறிப்போய் நித்யா விருட்டென்று மேலே இழுத்தாள், ஒரு தென்னமட்டை குறுக்கே வந்தது, திரை கருத்துப் போயிற்று. புறப்பட்டதிலிருந்து படம் பதிவாகிக்கொண்டே இருந்தது. அத்தனையும் உள்ளே ஒரு நகம் அளவு சிப்பில் இருக்கிறது.

ஓடிப்போய் எடுத்துவிடலாம் என்று பாதித் தூரம் போனாள். வெள்ளியங்கிரி துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு எதிரே வந்தார். “என்னம்மிணி, நோம்பி நாளும் அதுவுமா இந்த ஓட்டம்?” என்றார். ஒன்றுமில்லை மாமா என்று திரும்பி வந்து அருணை எழுப்பிச் சொன்னாள். அவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் தேய்த்தான். “வாயத் தெறக்காத. யாரு கேட்டாலும் வாயத் தெறக்காத,” என்றான். அதற்குள் தெருவில் சத்தம் கேட்டது.

இப்போது மேடைக்குக் கீழே வர்ஷினியின் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். “அடுத்த மாசம் நிச்சயமுங்க. மாப்பளை ஊட்டுக்காரங்க கண்ணுல இது பட்டா நாங்க என்னங்க பண்ணுவோம்? நெட்டுல போட்டுருவானுங்களாமே. எத்தனை பேரு பாத்தானுங்களோ, எந்த ஊர்ல பாத்தானுங்களோ!” வர்ஷினி அழவில்லை. ஈரத்தலையோடு, துண்டைத் தோளைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பொருளையே பார்த்தபடி நின்றாள். நித்யாவுக்கு அவளிடம் போய், யாரும் பார்க்கவில்லை கண்ணு, எங்கேயும் போகவில்லை, அந்தச் சிப்பைத் தவிர வேறெங்கும் இல்லை என்று சொல்லிவிட வேண்டும்போல் வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அந்தப் பெண்ணின் நெஞ்சு அடங்கும். ஆனால் சொல்கிறவளுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்பார்களே.

ராசாத்தாள் மேடைப் படியில் உட்கார்ந்திருந்தாள். உலர்ந்த சேலை மாற்றியிருந்தாள். முகம் கல்லாகிவிட்டிருந்தது. காலையிலிருந்து அவள் பேசியது ஒரே ஒரு வாக்கியந்தான் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்: “எவனா இருந்தாலும் அவன் கைய ஒடைக்கோணும்.”

“வேற எவன் வெச்சிருக்கறான் இந்தச் சுத்துவட்டாரத்துல?” என்றது கூட்டத்தில் ஒரு குரல். “கல்யாணத்துக்குக் கல்யாணம் தலைக்கு மேல உட்டுப் படம் புடிக்கறது மீரான் பாய்தான?”

பேர் விழுந்ததும் எல்லாரும் ஒரு மூச்சு விட்டார்கள். யாரென்று தெரியாத ஒருவன்மேல் எத்தனை நேரம் கோபப்பட முடியும்? வெள்ளியங்கிரி போன் போட்டார். போலீசுக்கும் சொல்லியாயிற்று என்றார்; அரை மணி நேரத்தில் வருவார்களாம்.

நாகூர் மீரான் பத்தே நிமிடத்தில் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். கோபியில் இருபது வருசமாக ஸ்டுடியோ வைத்திருப்பவர். இந்த ஊரில் பாதிப் பேருடைய கல்யாண ஆல்பம் அவர் போட்டதுதான், நித்யாவுடையது உட்பட. எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாமல் சிரித்த முகத்தோடு இறங்கியவர், ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பைச் சுருட்டிக்கொண்டார். யாரோ ஸ்கூட்டர் சாவியை உருவி எடுத்துக்கொண்டார்கள். அவர் அதைக் கவனித்தார், கேட்கவில்லை.

“இது என்றது இல்லீங்ணா,” என்றார் மேடையைப் பார்த்ததும். “என்றது இந்தா இருக்குது.” தோள்பையைத் திறந்து தன்னுடையதை எடுத்து இரண்டு கையிலும் ஏந்திக் காட்டினார். கொஞ்சம் பெரியது. முதுகில் கறுப்பு எழுத்தில் நம்பர் பளிச்சென்று தெரிந்தது. ஓரத்தில் சின்னதாகச் சந்தனப் பொட்டு இருந்தது.

“அட, இதுலயும் சந்தனம்!” என்றார் வெள்ளியங்கிரி. “நீங்களும் பூசை போடுவீங்களா பாய்?”

“கடைப் பசங்க போடுவாங்கங்ணா. வருசா வருசம் போடறதுதான். நம்பர் மேல மட்டும் வெச்சுப்போடாதீங்கடான்னு நாந்தான் சொன்னேன். வெளிய தெரியாட்டி பெரிய பிரச்சனையாயிருமுங்க.”

“அப்ப நம்பர் மேல வெச்சா மறைஞ்சிரும்னு உங்களுக்கு நல்லாத் தெரியும்.”

எந்தப் பதிலைச் சொன்னாலும் அது தன் பக்கமே திரும்புகிறது என்று மீரானுக்குப் புரிந்துவிட்டது. நித்யா அருணைப் பார்த்தாள். அவன் கூட்டத்தின் ஓரமாக வந்து அவள் காதுக்குப் பக்கத்தில் நின்றான்.

“ஏனுங்க, பாவமுங்க அந்த மனுசன்,” என்றாள் உதடு அசையாமல்.

“அவருக்கு ஒண்ணும் ஆகாது. போலீசு வந்தா அவரு நம்பரப் பாத்துட்டு உட்டுருவாங்க.”

“இதுல இருக்கற நம்பரயும் பாப்பாங்களே. என்ற பேரு வந்துருமுங்க.”

“அத நான் பாத்துக்கறேன். எனக்கு ஆளு இருக்குது. இங்க, இத்தன பேரு முன்னால வேண்டாம். அம்மா மூஞ்சியப் பாரு. இது நீதான்னு தெரிஞ்சா அப்பறம் இந்த ஊர்ல அம்மா எப்படி நடமாடும்?” அவன் விரல்கள் அவள் முழங்கையைப் பிடித்திருந்தன. வலிக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை.

“ஏனுங்ணா,” மீரான் குரலைத் தணித்து மறுபடியும் ஆரம்பித்தார். “சந்தனத்தத் தொடைங்க. அடியில நம்பர் இருக்குது. எந்த நம்பரு எவுரு பேர்ல இருக்குதுன்னு அதிகாரிங்க பாத்தா ரெண்டு நிமிசத்துல தெரிஞ்சு போகுது. நான் இங்கயேதான் நிக்கறேன், எங்கயும் போகல. யாராவது தொடைச்சுப் பாருங்க.”

ஒருவரும் அசையவில்லை. வெள்ளியங்கிரி கையை நீட்டினார், நீட்டிவிட்டுத் துண்டில் துடைத்துக்கொண்டார். சாமி முன்னால் வைத்த பொட்டு; அதுவும் குங்குமம்; அதுவும் விஜயதசமி. “ஏம்மா, பொம்பளைங்க யாராச்சும்,” என்று திரும்பினார். பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்து, எல்லாரும் அரை அடி பின்னால் போனார்கள். தாலி கட்டிய எவள் தன் கையால் குங்குமத்தை அழிப்பாள்? வர்ஷினியின் அம்மாகூட அழுகையை நிறுத்திவிட்டு மகளை இழுத்துப் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.

“நீங்களே தொடைக்கறதுதான பாய்?” என்றான் சாவியை வைத்திருந்தவன்.

“நானுங்களா?” மீரான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். “வேண்டாமுங்க. நாளைக்கு அது வேற பேச்சாப் போயிரும்.”

அவர் சொன்னதன் அர்த்தம் அத்தனை பேருக்கும் விளங்கியது. ஒருவரும் மறுத்துச் சொல்லவில்லை. அதுதான் நித்யாவுக்குத் தாங்கவில்லை. தன் கல்யாணத்தில், ரிசப்சன் முடிந்து ஆளெல்லாம் கலைந்த பிறகு, “அம்மிணி இன்னும் சாப்பிடலியாமா, மொதல்ல அவங்களுக்கு இலை போடுங்க,” என்று சத்தம் போட்டவர் இந்த மனிதர் ஒருவர்தான். அவர் கையைக் கட்டி நிற்கிறார். அவள் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அழிக்க முடியாதவள் அல்ல அவள். வைத்தவளே அவள்தான். போய் ஒரு விரலால் இழுத்தால் முடிந்தது. ஆனால் அவள் போகவில்லை.

“சரி, எதுக்குங்க வம்பு. போலீசு வந்து பாத்துக்கட்டும்,” என்றார் வெள்ளியங்கிரி. “அதுவரைக்கும் பாய் இங்கயே இருக்கட்டும்.”

“குடுங்க இங்க.”

ராசாத்தாள் படியில் இருந்து எழவில்லை. கையை மட்டும் நீட்டினாள். வெள்ளியங்கிரிக்குப் புரியவில்லை.

“அதை எடுத்து என்ற மடியில வெய்யுங்கண்ணா. பொட்டை அழிச்சுப் பழகினவ நானு. எனக்கு இனி அழியறதுக்கு என்ன இருக்குது?”

“அம்மா, நீ எதுக்கும்மா? உடும்மா,” என்று அருண் நித்யாவின் முழங்கையை விட்டுவிட்டு முன்னால் பாய்ந்தான். ராசாத்தாள் மகனைப் பார்க்கக்கூட இல்லை. யாரோ ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். உடைந்த கை ஒரு பக்கம் தொங்க, அது அவள் வெள்ளை மடிக்கு வந்து சேர்ந்தது. வலதுகைக் கட்டைவிரலைச் சொம்பில் நனைத்து, சந்தனத்தின் இடது ஓரத்தில் வைத்து அழுத்தினாள். காய்ந்த சந்தனம் முதலில் கரைய மறுத்தது. இன்னொரு முறை நனைத்தாள். இந்த முறை ஒரு கோடு விலகியது.

“இங்கிலீசு எழுத்து எனக்குத் தெரியாது. பாய், நீங்க வாசிங்க,” என்றாள்.

மீரான் சட்டைப்பையில் இருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். “யூ,” என்றார். விரல் நகர்ந்தது. “ஏ.” விரல் நகர்ந்தது. “ஜீரோ.”

இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்த எழுத்துகள் ஒரு காகிதத்தில் ஏறும். அப்புறம் அருணின் ஆள் யாரோ யாருக்கோ போன் பண்ணுவான். மீரான் பாயைப் போகச் சொல்வார்கள், சாவியைக் கொடுப்பார்கள். யாருடையது என்பது இந்த ஊருக்குத் தெரியாமலே போகலாம். தெரியாத வரைக்கும் ஊர் அவரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கும். வர்ஷினி ஒவ்வொரு நாள் காலையிலும் போனைத் திறந்து எங்காவது தன் உடம்பு வந்திருக்கிறதா என்று தேடுவாள். நித்யா அந்த வீட்டில் அதே அடுப்பில் தோசை வார்த்துக்கொண்டிருப்பாள். அருண் கணக்குப் போட்டதில் தப்பு ஒன்றும் இல்லை; எல்லாம் சரியாகவே முடியும்.

“ஜீரோ,” என்றாள் நித்யா.

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. கூட்டம் திரும்பியது. ராசாத்தாளின் விரல் அப்போதுதான் மூன்றாவது எழுத்தைத் தாண்டியிருந்தது. அடுத்தது சந்தனத்துக்குள்ளே இருந்தது.

“ஃபோர், செவன், எம், டூ, நைன், பி.” சொல்லி முடித்துவிட்டு முந்தானைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள். “நான் வெச்ச பொட்டுதானுங்க அது. மறைக்கோணும்னு வெக்கல.”

“நித்யா!” என்றான் அருண்.

ராசாத்தாள் தலை தூக்கவில்லை. விரலை நனைத்தாள், துடைத்தாள். “ஜீரோ,” என்று மீரான் வாசித்தார், யாரும் கேட்காமலே. “ஃபோர்.” குங்குமத்தின் மேல் விரல் ஏறியது, சிவப்பு கலங்கி ஓடி விளிம்பில் சொட்டியது. “செவன். எம்.” அதற்கு மேல் அவர் வாசிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நித்யாவைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“இத்தன நேரமா நிக்கறேன் அம்மிணி,” என்றார். “மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே.”

சாவியை வைத்திருந்தவன் அதை ஸ்கூட்டர் சீட்டின்மேல் வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய் மறைந்துகொண்டான். அதற்குப் பிறகுதான் சத்தம் கிளம்பியது. “பொம்பளையா இருந்துட்டு, அடிப்பாவி!” என்று வர்ஷினியின் அம்மா பாய்ந்து வந்தாள், நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். நித்யா விலகவில்லை. அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றாள். “யாருக்கும் போகலீங்க. சத்தியமா எங்கயும் போகல. அதுக்குள்ள ஒரு சிப்பு இருக்குது, அதுல மட்டுந்தானுங்க,” என்றாள். அம்மாவிடம் சொல்லவில்லை, அவளுக்குப் பின்னால் நின்ற வர்ஷினியைப் பார்த்துச் சொன்னாள். “நான் அங்க நிறுத்துனது தப்பு கண்ணு.”

“எதுக்கு நிறுத்துன?”

கேட்டது ராசாத்தாள். இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். இதற்குப் பதில் எல்லாருக்கும் வேண்டியிருந்தது. பதில் நித்யாவின் நாக்கு நுனியில் இருந்தது. நீங்கள் மிதந்துகொண்டிருந்தீர்கள் அத்தை. கையை விரித்துப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். இந்த ஒன்றைச் சொன்னால் பெண்களில் ஒருத்தியாவது அவளை மன்னிப்பாள். ஆனால் எதிரே வெள்ளியங்கிரி நிற்கிறார், பெற்ற மகன் நிற்கிறான், ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேரும் நிற்கிறார்கள். வெள்ளைச் சேலைக்காரி வாய்க்காலில் மல்லாந்து கிடந்த கதையை இவர்கள் வாயில் போட்டுவிட்டு, இனி அவள் எப்படி வாய்க்காலுக்குப் போவாள்?

“சும்மாதானுங்கத்தை,” என்றாள். “தண்ணியப் பாத்துட்டு நின்னுட்டேன்.”

“தண்ணியப் பாத்தாளாமா!” என்று யாரோ காறித் துப்பினார்கள்.

ராசாத்தாள் மருமகளின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என்ன பார்த்தாள் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நித்யாவுக்குத் தெரிந்தது; கழுத்தில் இருந்து மெல்ல ஒரு சிவப்பு ஏறி ராசாத்தாளின் காது மடல் வரை போனது. கோபமா, வெட்கமா? மூன்று வருசம் கூட இருந்தும் அந்த முகத்தில் அதைப் பிரித்தறிய அவளுக்குத் தெரியவில்லை.

“அந்தச் சிப்பு எங்க இருக்குது?” என்றாள் ராசாத்தாள் கடைசியில்.

நித்யா போய் அவள் முன்னால் மண்டியிட்டாள். மடியில் கிடந்ததன் பக்கவாட்டு மூடியை நகத்தால் நெம்பித் திறந்து, அழுத்தி, அந்தச் சின்னக் கறுப்பை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். ராசாத்தாள் வாங்கவில்லை.

“எனக்கெதுக்கு? அந்தப் புள்ள கையில குடு.”

“அது சாட்சி தாயி, போலீசு கேப்பாங்க,” என்றார் வெள்ளியங்கிரி.

“கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்.”

வர்ஷினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். நித்யாவின் கையில் இருந்து அதை எடுத்தாள். எடுத்தவளுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. உடைப்பதா, தண்ணீரில் போடுவதா, வைத்துக்கொள்வதா? இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு நின்றாள். மீரான் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணினார், ஆனால் கிளம்பவில்லை. வாழைத்தோட்டத்து வளைவில் ஜீப் ஒன்று கியர் மாற்றித் திரும்புகிற சத்தம் கேட்டது. அருண் சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினான்.

நித்யா மண்டியிட்ட இடத்திலேயே இருந்தாள். ராசாத்தாளும் எழவில்லை. சொம்பில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. அவள் வலதுகைக் கட்டைவிரல் அடிவரை சிவந்திருந்தது. குங்குமம் ரேகைக்குள் இறங்கி, நகத்தைச் சுற்றி ஈரமாகப் பளபளத்தது. சேலையில் துடைக்கலாம், வெள்ளைச் சேலை. படியில் தேய்க்கலாம், மிதிக்கிற இடம். ஜீப் வந்து நின்று கதவு திறக்கும்போதும் ராசாத்தாள் அந்த விரலை எதிலும் படவிடாமல், தன் மடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தூக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.